இடது ஓரத்தில் ஒரு பெயர்

கட்டளையை அடித்ததும் நிரல் திரையில் விரிந்தது. ஒவ்வொரு வரிக்கும் இடது ஓரத்தில், அந்த வரியைக் கடைசியாகத் தொட்டவரின் பெயர். ஹில்க்கா, ஹில்க்கா, ஹில்க்கா. இல்மோ எண்ணிப் பார்த்தான். நாற்பத்தொரு முறை. அடுக்களை மேசையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. வெளியே மார்ச் மாத வெயில் ஏரியின் உறைபனியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது.

எட்டு வருடமாக அந்த ஓரத்தில் அவன் பெயர்தான் இருந்தது. கோப்புகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் அந்த இலவச மென்பொருளைக் குவோப்பியோ நகரத்தில் ஏழெட்டுப் பேர் ஓய்வு நேரத்தில் எழுதிவந்தார்கள். சம்பளம் இல்லை, வரியோரத்துப் பெயர் மட்டும்தான். எந்தக் கணினிக்குப் போகவேண்டும், அங்கே எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று முகவரியையும் போர்ட் எண்ணையும் பிரித்தறியும் பகுதி இல்மோவுடையது. புள்ளியிட்ட நான்கு எண்கள் முகவரி, பிறகு ஒரு முக்காற்புள்ளி, அதன்பின் போர்ட். அது தெளிவாகத்தான் இருந்தது. புதிய நீள முகவரிகள் வந்தபோது, முகவரிக்குள்ளேயே ஏழு முக்காற்புள்ளிகள் இருந்தன. முகவரி எங்கே முடிகிறது, போர்ட் எங்கே தொடங்குகிறது? இல்மோ இரண்டு குளிர்காலம் முட்டி மோதிப் பார்த்தான். நகராட்சிக் குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஹில்க்கா குழுவில் சேர்ந்த நான்காம் மாதம், இரண்டே வாரத்தில் பழையதையும் புதியதையும் சேர்த்துப் பிரிக்கிற மாதிரி எழுதிவிட்டாள். அவனுடைய அறுபது வரிகள் போய், அவளுடைய நாற்பத்தொன்று வந்தன.

குற்றம் கண்டுபிடிக்கத்தான் அவன் வாசிக்க ஆரம்பித்தான். வாசிக்க வாசிக்கப் பிடித்துப்போனது. அதுதான் நெஞ்சை அரித்தது. மோசமாக எழுதியிருந்தால் மன்னித்திருப்பான்.

இருபத்தாறாவது வரியில் அவன் நின்றான். எண்ணைப் படிக்கும் வேலையை அவள் தயார்நிலையில் கிடைக்கும் ஒரு செயல்கூறிடம் விட்டிருந்தாள். அதற்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் இருந்தால் பத்துப் பத்தாக எண்ணாமல் எட்டெட்டாக எண்ணும். 010 என்று கொடுத்தால் பத்து என்று கொள்ளாது, எட்டு என்று கொள்ளும். எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று நேராக நிற்கட்டும் என்று பட்டியலில் பூஜ்யம் சேர்த்து எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்காகவே இல்மோவின் பழைய நிரலில், முன்பூஜ்யத்தை உரித்தெடுக்கும் ஒரு வரி இருந்தது. அவள் அதைத் தேவையில்லை என்று எடுத்துவிட்டாள்.

சொல்லியிருக்கலாம். ஒரு வரி மின்னஞ்சல் போதும். அவனுக்கு நாக்கில் இனிப்புப் பட்டது போலிருந்தது. அவள் தடுக்கி விழட்டும் என்று விட்டான். அதோடு நிற்காமல், நாற்பத்தொரு வரிகளுக்கும் முன்னால் இருந்த இடைவெளிகளை மாற்றிச் சேமித்தான். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் கடைசியாகத் தொட்டவன் அவன். கட்டளையை மறுபடி அடித்தான். இல்மோ, இல்மோ, இல்மோ.

குழுவை நடத்துகிறவர் தோர்ஸ்தி, பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர். அவர் மட்டும் தொலைபேசியில் கேலி செய்தார்.

“இத்தனை நாள் கோணலாவே ஓடிச்சு. இப்ப என்ன திடீர்னு நேராக்கறே? வீட்ல மடிக்கத் துணி இல்லையா?”

மூன்று வாரம் இல்மோ நன்றாகத் தூங்கினான்.

மாதாந்திரக் கூட்டம் நூலகத்தின் சிறிய அறையில், சனிக்கிழமை மதியம். தோர்ஸ்தி ஒரு செய்தித்தாளையும் ஒரு கடிதத்தையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வடக்கே ஒரு சிற்றூரின் செய்தித்தாள். பக்கங்களை அச்சகத்துக்கு அனுப்ப இவர்களுடைய மென்பொருளைத்தான் அங்கே வைத்திருந்தார்கள். கணினிகளின் பட்டியலில் எண்கள் நேராக நிற்க யாரோ பூஜ்யம் சேர்த்திருக்கிறார்கள். புதிய பதிப்பைப் போட்ட அன்றே, மரண அறிவிப்புப் பக்கம் பத்தாம் எண் கணினிக்குப் போகாமல் எட்டாம் எண்ணுக்குப் போய்விட்டது. அது விளம்பரப் பிரிவில் யாரும் பார்க்காத கணினி. அச்சகத்தில் போன வாரப் பக்கமே மறுபடி ஏறியது. ஏற்கனவே அடக்கமானவர்களுக்கு இன்னொரு முறை அறிவிப்பு. அந்த வாரம் அடக்கமாகவேண்டியிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் அறிவிப்பு வரவே இல்லை. ஊருக்கெல்லாம் கடிதம் கொடுத்தவர், தேவாலயத்துக்கு ஏழு பேர்தான் வந்தார்கள் என்று அவர் மகள் எழுதியிருந்தாள். திட்டு எதுவும் இல்லை. அந்த எண்ணிக்கை மட்டும் இருந்தது.

ஹில்க்கா கலகுக்கோ கொண்டுவந்திருந்தாள், மீனை உள்ளே வைத்துச் சுட்ட கம்பு ரொட்டி. அதன் மேல்மூடியை அறுத்துக்கொண்டிருந்த கத்தி பாதியில் நின்றது.

“இருபத்தாறாவது வரி,” என்றார் தோர்ஸ்தி. “உன் பேர்தான் காட்டுது, இல்மோ.”

இல்மோவின் காது சூடானது. அது அவளுடையது என்று சொன்னால், நேராக்கிய கதை வெளியே வரும். பேசாமல் இருந்தால் தவறு அவன் தலையில். இரண்டில் எது குறைந்த கேவலம் என்று அவன் கணக்குப் போடுவதற்குள் அவள் பேசிவிட்டாள்.

“அவன் பேர் சும்மா இடைவெளிய மாத்தினதால வந்தது. வரி என்னோடது. பூஜ்யத்த எடுக்கற வரி அவனோட பழைய கோட்ல இருந்திச்சு. எதுக்கு இதுன்னு நான்தான் தூக்கிட்டேன். அந்தப் பொண்ணுக்கு நானே எழுதறேன்.”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். தோர்ஸ்தி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். எட்டு வருடத்தில் இல்மோவுக்கு ஒரு தடவைகூட அப்படித் தலையசைத்ததில்லை. தவறையும் அவளே எடுத்துக்கொண்டாள், அதற்கான மரியாதையையும் அவளே எடுத்துக்கொண்டாள். அவனுக்கென்று மேசையில் எதுவும் மிச்சமில்லை.

“இப்படி ஆகும்னு முன்னாடி யார் கண்டா,” என்றார் தோர்ஸ்தி, கடிதத்தை மடித்தபடி.

“நான் கண்டேன்,” என்றான் இல்மோ.

குற்ற உணர்ச்சியில் சொன்னானா, அவளுக்குக் கிடைத்ததில் பங்கு கேட்டுச் சொன்னானா என்று அவனுக்கே தெரியவில்லை. சொன்ன பிறகுதான் அறை எவ்வளவு சின்னது என்று பட்டது.

ஹில்க்கா கத்தியைக் கீழே வைத்தாள். “எப்ப?”

“நேராக்கின அன்னிக்கே.”

“பூஜ்யம் வந்தா எட்டாப் போகும்னு தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சுதான்.”

தோர்ஸ்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கோபமாக இருந்தால் தேவலை என்று இல்மோவுக்குத் தோன்றியது. அவள் முகத்தில் அது இல்லை. புரியாத ஒரு வரியை வாசிக்கும்போது அவள் வைத்துக்கொள்ளும் முகம். செய்தித்தாளைத் தன் பக்கம் இழுத்து, தபால்காரரின் பெயர் வராத மரண அறிவிப்புப் பக்கத்தைப் பிரித்து, கையால் தேய்த்து மடிப்பை நீவினாள். சின்னச் சின்ன சிலுவைகள், அவற்றின் கீழே பெயர்கள். முதல் பெயரில் விரலை வைத்தாள். பிறகு அடுத்ததில். ஒன்றையும் விடாமல், ஒவ்வொன்றாக, அந்தப் பத்தி முடியும் இடத்தை நோக்கி விரல் மெல்ல இறங்கியது. இல்மோ அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.