லண்டன் மச்சான் ஏற்றிய மெழுகுவத்தி

கல்லறைத் திருநாளுக்கு லண்டனிலிருந்து வந்திருந்த மிக்கேல், கொடைக்கானல் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்த பிறகும் வாயை மூடவில்லை. போன வருஷம் தங்கச்சி இசபெல்லா பிரசவத்தில் இறந்தபோது லீவு இல்லையென்று வராமல் இருந்தவன்.

"மாப்ள, அங்க பிரதம மந்திரியவே பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. இங்க ஒரு மந்திரி மலையேறுறான்னு பஸ்ஸெல்லாம் அடிவாரத்துலயே கெடக்கு. இதெல்லாம் ஒரு ஜனமா?"

"நீங்க ஓட்டுப் போட்டு எத்தன வருஷமாச்சு மச்சான்?" என்றான் இசபெல்லாவின் புருஷன் சவரிநாதன்.

மிக்கேல் அதைக் காதில் வாங்கவில்லை. அங்கே கல்லறைத் தோட்டம் பூங்கா மாதிரி இருக்கும் என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்து, புதுச் சுண்ணாம்பு அடித்த ஒரு கல்லறையின் முன் முழந்தாளிட்டான். மாலையைப் போட்டு மெழுகுவத்தி ஏற்றினான். அது தபால்காரர் ஞானமுத்துவின் கல்லறை. இசபெல்லா அடுத்த வரிசையில் கிடந்தாள். எது அவளுடையது என்று அவன் கேட்கவே இல்லை.

கடைசிவரை 'அண்ணன் வந்துரும்' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அவளுக்காகவாவது சொல்லிவிடலாம் என்று சவரிநாதன் குனிந்தான்.

"மச்சான்..."

"அங்கன்னா சாமியார் கரெக்ட் டயத்துக்கு வந்துருவாரு மாப்ள."

சவரிநாதன் நிமிர்ந்து அடுத்த வரிசைக்குப் போய், மனைவியின் தலைமாட்டில் நின்றுகொண்டான். தீர்த்தம் தெளித்தபடி வந்த பங்குச் சாமியார் அவனைப் பார்த்து நின்றார்.

"அவ பொறந்த வீட்டுலருந்து யாரும் வரலையாப்பா?"

"இல்லீங்க சாமி."