இரண்டு மணிச் சங்கு

சிறுவயதில் பட்ட அதிர்ச்சி மூளை வளர்ச்சியை என்ன செய்யும் என்று கேட்டால் ஜபீன் மூச்சு விடாமல் மூன்று மணி நேரம் பேசுவார். சென்னையில் பல்கலைக்கழக விரிவுரையாளர். பதினோரு வருடமாக அதுதான் பாடம், அதுதான் ஆராய்ச்சி. பயந்துபோன பிள்ளையின் மூளை தப்பிக்கத்தான் பார்க்கும், படிக்கப் பார்க்காது என்று கரும்பலகையில் படம் போட்டே காட்டுவார். அப்பேர்ப்பட்டவர்தான் கும்மிடிப்பூண்டியில் ஏழு வயது நர்மதாவிடம் கோட்டை விட்டார்.

நர்மதாவின் அப்பா அன்புசெல்வன் இரும்பாலையில் உலை வெடித்துச் செத்து ஒரு வருடமாகிறது. அன்றிலிருந்து பிள்ளை வெளியாட்களிடம் வாய் திறப்பதில்லை. அவளைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்வதா, எங்கோ இருக்கும் சிறப்புப் பள்ளி விடுதிக்கு அனுப்புவதா என்பது பள்ளி கேட்டு ஜபீன் தரப்போகும் அறிக்கையில் இருந்தது. அம்மா சின்னப்பொண்ணுவுக்கு அந்த நினைப்பிலேயே சோறு இறங்கவில்லை.

அவள் பேக்கிங் வேலை முடிந்து வீடு திரும்ப ஒன்றரை ஆகும். அதனால் ஜபீன் சனிக்கிழமைதோறும் இரண்டு மணிக்குச் சற்று முன்னால் வந்து, நர்மதா அடுக்குவதற்காக மரக்கட்டைகளைப் பரப்புவார். மூன்று முறையும் பிள்ளை பாதியில் எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். ‘கவனம் நிற்பதில்லை’ என்று மூன்று முறையும் எழுதிக்கொண்டார்.

நான்காவது வாரம் மின்சார ரயில் பொன்னேரியில் படுத்துக்கொண்டது. வந்து சேர மூன்றரை. அன்று நர்மதா எல்லாக் கட்டைகளையும் நாலே நிமிடத்தில் அடுக்கிவிட்டாள்.

“நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?” என்றார் ஜபீன்.

“நான் இன்னாத்தச் சொல்லிக் குடுக்கப் போறேன் மேடம்? இன்னிக்கு சங்கு ஊதி முடிஞ்சப்புறம் வந்தீங்க, அதான்.”

“எந்தச் சங்கு?”

“ரெண்டு மணிக்கு ஷிப்டு மாத்தறப்ப ஆலையில ஊதுவாங்களே. நீங்க வந்தப்பல்லாம் ஊதிச்சே. அவங்கப்பா போன அன்னிக்கு அது நிக்காம கத்திக்கினே இருந்திச்சி.”

“இத ஏன் மொதல்லயே சொல்லல?”

“நீங்க படிச்சவங்க. தெரிஞ்சிதான் அந்த நேரத்துல வர்றீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

ஜபீனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பழைய தாள்களைக் குறுக்கே அடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அறிக்கையை எழுதினார். பிள்ளையிடம் குறையில்லை, நான் வந்த நேரத்தில்தான் குறை. அவள் அம்மாவோடு இருந்து இதே பள்ளியில் படிக்கட்டும். படித்துக் காட்டியதும் சின்னப்பொண்ணு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் ஜபீன் மறுபடி வந்தார். கையில் கோப்பும் இல்லை, கட்டையும் இல்லை. இரண்டு அடிக்கப் போகும் நேரம் பட்டுப்புடவையோடு கட்டிலுக்கு அடியில் நுழைந்து, அங்கே பதுங்கியிருந்த நர்மதாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

சங்கு ஊதியது. இப்படித் தரையோடு தரையாகப் படுத்து அதைக் கேட்டதில்லை. ஜபீனுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. சட்டென்று இரண்டு சின்னக் கைகள் வந்து அவர் காதுகளைப் பொத்தின.

“கொஞ்ச நேரந்தான் மேடம்,” என்றாள் நர்மதா. “நின்னுடும்.”

அவள் காதுகள் இரண்டும் திறந்து கிடந்தன. ஜபீன் கையை நீட்டி அவற்றைப் பொத்தினார்.