வாமெக் பிரபு குடித்து முடிக்காத வாழ்த்து

ரியோனா நாட்டு அரசரின் மதுக்கொம்பு, பொய்யாக வாழ்த்துகிறவருக்குக் காலியாகாது. அந்த வருடம் வால்நட் விலை ஏறியிருந்தது, திராட்சை நன்றாக விளைந்திருந்தது, கொம்பு வழக்கம்போலத்தான் இருந்தது. அடி கூரான காட்டெருமைக் கொம்பு. மது இருக்கும்வரை கீழே வைக்க முடியாது. தரையில் கொட்டினால் அரசருக்கு அவமரியாதை, தலை போகும். விவரமுள்ள பிரபுக்கள் அதை ஏந்தி மழையை வாழ்த்துவார்கள், குதிரைகளை வாழ்த்துவார்கள். ஒருவரையொருவர் வாழ்த்த மாட்டார்கள்.

மேல் பள்ளத்தாக்கு லத்சரேலி குடும்பமும் கீழ்ப் பள்ளத்தாக்கு கொர்தூலி குடும்பமும் அரசரின் வலப்பக்க ஆசனத்துக்காக மூன்று தலைமுறையாக அடித்துக்கொண்டவை. கொர்தூலி வாமெக் இனிக்க இனிக்கப் பேசுவார். அவரிடம் பயப்பட வேண்டியதே அதற்குத்தான். லத்சரேலி பெஜான் எதிரி நாட்டு சுல்தானுக்கு எழுதியதாக ஒரு கடிதத்தை அவர் அரசரிடம் நீட்ட, பெஜான் பாதாளச் சிறைக்குப் போனான். அறுவடை விருந்துக்கு மறுநாள் தலையை வெட்டுவதென்று முடிவானது. விருந்தில் அவன் அக்கா தாரெஜான் அரசர் காலில் விழப் போனபோது, வாமெக் குறுக்கே வந்து நிறைந்த கொம்பை நீட்டினார்.

“அம்மணி, மொதல்ல என் ஆயுசுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லிக் குடிங்க. உங்க வீட்டு மனசு எவ்வளவு சுத்தம்னு மகாராஜா பாக்கட்டும்.”

சபை சிரித்தது. தம்பிக்குக் குழி பறித்தவனை யார் மனதார வாழ்த்துவார்? தாரெஜான் கொம்பை வாங்கினாள்.

“நூறு வருஷம் நல்லா இருங்க, பிரபு. நீங்க செத்துட்டா அந்தக் கடிதத்தை எழுதினது யாருன்னு சொல்ல வேற ஆள் ஏது?”

ஒரே மூச்சில் குடித்துக் கொம்பைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. அத்தனையும் மனதாரச் சொன்னது.

வாழ்த்து வாங்கியவர் பதிலுக்கு அந்த வீட்டாரை வாழ்த்தியாக வேண்டும். விருந்துத் தலைவர் கொம்பை மறுபடி நிரப்பி வாமெக்கின் வலக்கையில் கொடுத்தார். “பெஜானும் நல்லா இருக்கட்டும்” என்று அவர் குடித்தார். குடித்தார், குடித்துக்கொண்டே இருந்தார். கோழிக்கறி ஆறியது, பாடகர்களுக்குத் தொண்டை கட்டியது, பொழுது சாய்ந்தது. கொம்பு விளிம்புவரை நிறைந்தே இருந்தது.

“என்ன வாமெக்கு, இன்னுமா முடியல?” என்றார் அரசர்.

“நான்தான் மகாராஜா! நான்தான் எழுதினேன். இதை யாராவது வாங்குங்களேன்!”

யாரும் கை நீட்டவில்லை.

பெஜானைப் பாதாளச் சிறையிலிருந்து கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். தாரெஜான் சபை என்றும் பாராமல் ஓவென்று அழுதாள். பிறகு அவன் தாடியைப் பிடித்து இழுத்து, “பன்னி மாதிரி நாறுறியேடா” என்றாள். நேரே போய் வலப்பக்க ஆசனத்தில் உட்கார்ந்தாள். யாரையும் கேட்கவில்லை. அரசரும் எழச் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்ன பிறகும், பெஜான் நன்றாயிருக்கட்டும் என்று நினைக்க வாமெக்கின் மனம் ஒப்பவில்லை. அரசர் பெரிய மனது பண்ணி, அவரைக் கொம்போடு வீட்டுக்கு அனுப்பினார். இடக்கையால் சாப்பிடவும் கையெழுத்துப் போடவும் அவர் பழகிக்கொண்டார். பதினோரு வருடம் கழித்து, பெஜான் மகளின் ஞானஸ்நான விருந்தில் மது தீர்ந்துபோனது. கீழ்ப் பள்ளத்தாக்குக்கு வண்டி அனுப்பினார்கள். வாமெக் முணுமுணுத்தபடியே கொம்பைச் சாய்த்து நான்கு தாழிகளை நிரப்பிக் கொடுத்தார். கொஞ்சம் புளிப்பு, ஆனால் குடிக்கலாம் என்றார்கள்.