அவசரப் பத்திரம்

பல்கலைக்கழகத்தை மூடுவதற்கு எங்களிடம் ஒரு படிவம் இருந்தது. எண்பத்தேழுக்கும் எண்பத்தொன்பதுக்கும் இடையில் அதை எத்தனை முறை வெளியே எடுத்தோம் என்று எனக்கு நினைவில்லை. மாணவர் குழப்பம், ஊரடங்கு, இரவோடு இரவாக வாயிலில் ஒட்டப்பட்ட மிரட்டல் தாள், எதுவானாலும் அதே படிவம்தான். திகதியை மட்டும் மாற்றுவோம். அதில் மழை என்ற சொல் எங்கும் இல்லை.

தொண்ணூற்றிரண்டு ஜூனில் ஒரே இரவில் கொழும்பு மூழ்கியபோது மழைக்கும் அதே படிவத்தைத்தான் எடுத்தார்கள்.

நான் அப்போது நிர்வாகப் பிரிவில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த லொட்ஜில் தங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு மனேஜரின் மேசையில் இருந்த தொலைபேசி அடித்தது. துணைப் பதிவாளர் அபேநாயக்க பேசினார். வீதியில் முழங்காலளவு தண்ணீர், கந்தோருக்கு வரவேண்டாம், அறிவித்தலைச் சிங்களத்தில் வாசிக்கிறேன், தமிழில் எழுதி ஆறே முக்கால் வானொலிச் செய்திக்குக் கொடுத்துவிடு என்றார்.

அவர் வாசிக்க வாசிக்கச் சுவரில் தாளை வைத்து எழுதினேன். பாதி சொற்களை மழை தின்றது. "மாணவர் அனைவரும் நண்பகலுக்கு முன் விடுதிகளை விட்டு வெளியேற வேண்டும்" என்ற வரி வந்ததும் நிறுத்தினேன்.

"சேர், இந்தத் தண்ணியில அவங்கள் எங்க போறது? யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்குப் பாதையும் இல்லை."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்த வரியை வெட்டு" என்றார். "அது பழைய படிவத்தில் இருக்கிறது." அடுத்த வரிக்குப் போனார். "அவசர" என்றது கேட்டது. அதன் பிறகு ஓர் இரைச்சல். "சேவகயன்ட்ட பமணய்" என்று முடிந்தது. ஊழியர்களுக்கு மட்டும் என்று பொருள். அவசர ஊழியர்கள் மட்டும். எழுதிக்கொண்டேன். "வரவேண்டும்" என்பதை நானே சேர்த்தேன். வாக்கியம் முடிய வேண்டுமே. பிறகு தொலைபேசியிலேயே வானொலி நிலையத்துக்கு வாசித்துக் கொடுத்தேன்.

ஆறே முக்காலுக்கு வாசிப்பவரின் குரல் லொட்ஜ் முழுவதும் கேட்டது. "அவசர சேவை ஊழியர்கள் மாத்திரம் கட்டாயம் சமுகமளிக்க வேண்டும்." கட்டாயம் என்பதை யார் சேர்த்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாசித்துக் கொடுக்கும்போது நானாகவும் இருக்கலாம்.

திங்கட்கிழமை கந்தோருக்குப் போனபோது எங்கும் ஈரத்தாளின் மணம். எனக்கு எதிர்மேசையில் இருந்த அலவி, நாற்காலியில் உட்காரும் முன்பே கதையைத் தொடங்கிவிட்டான்.

"மச்சான், விஞ்ஞானக் கட்டடத்தில ரெண்டாம் மாடியில பெரிய லெக்சர் ஹோல் இரிக்கில்ல? அங்க போய்ப் பாருங்க. புள்ளைகள் இரிக்கிற ஒவ்வொரு வாங்கிலயும் முயல் இரிக்கி."

"என்ன முயல்?"

"ஆராய்ச்சி முயல்தான். கூட்டோட. மேல் வாங்கில முயல், கீழ் வாங்கில எலி. எல்லாம் கரும்பலகையைப் பாத்துக்கிட்டு ஒழுங்கா இரிக்கி. நம்ம புள்ளைகளை விட ஒழுங்கு. புரொபஸர் உள்ள போனவரு, பயந்துட்டு வெளிய வந்தாரு."

சிரித்தேன். பிறகு யோசித்தேன். விலங்குக் கூடம் அதே கட்டடத்தின் நிலமட்டத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை அங்கே தண்ணீர் ஏறியிருக்கும். மூடிய பல்கலைக்கழகத்தில் அத்தனை கூடுகளை யார் இரண்டு மாடி தூக்கினார்கள்?

"யார் கொண்டுபோய் வைச்சது?"

அலவியின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினான். "அதுதான் பிரச்சினை. நம்ம ஆறாயி. பக்கக் கேட்டால உள்ள வந்திரிக்கிறா, நாள் முழுக்கத் தனிய இரிந்திரிக்கிறா. சனிக்கிழமை மேஜர் கண்டுபிடிச்சிட்டாரு. வீடு கொலன்னாவை, எண்ணெய்த் தாங்கிக்குப் பக்கத்தில. தமிழ்ப் பொம்புள. மூடின கம்பஸ். ரசாயனம் எல்லாம் இரிக்கிற கட்டடம். கூட்டிப் பாருங்க. பத்து மணிக்கு விசாரணை. சரிவரல்லயோ, மூணு மணிக்கு பைலும் அவவும் பொலிசுக்கு."

மேஜர் என்று நாங்கள் சொன்னது எங்கள் பாதுகாப்புப் பொறுப்பதிகாரியை. இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஆறாயி விலங்குக் கூடத்தைக் கூட்டிக் கழுவுகிற ஊழியர். பதினொரு வருடமாக அந்தக் கட்டடத்தில் இருந்தார். எனக்கு அவரை ஒரு வணக்கத்தின் அளவுக்குத்தான் தெரியும். அந்நாட்களில் பொலிசுக்குப் போன ஒருவர் எப்போது திரும்புவார் என்று எவரும் கேட்பதில்லை.

"அவ ஏன் வந்தவவாம்?"

"ரேடியோவில கூப்பிட்டாங்களாம். யாரு கூப்பிட்டாங்க என்டு மேஜர் குதிக்கிறாரு. இந்தாங்க, நீங்கதான் மொழிபெயர்க்கவாம்." கோப்பு ஒன்றை என் பக்கம் தள்ளினான்.

முதல் தாள் வெள்ளிக்கிழமை அறிவித்தலின் சிங்கள மூலம், தட்டச்சில். நான் சுவரில் வைத்து எழுதிய வரியைத் தேடினேன். "அவசர லத் சேவகயன்ட்ட பமணய்." இரைச்சல் தின்ற சொல் இதுதான். லத். பெற்ற. அவசர பெற்ற ஊழியர்களுக்கு மட்டும். சிங்களத்தில் அவசர என்றால் அனுமதி. அவசரத்துக்கு அவர்கள் ஹதிசி என்பார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பன்னிரண்டு வருடமாக இதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

தாளின் அடியில் அவசர பெற்றவர்களின் பெயர்கள் ஆறு. ஆறாயியின் பெயர் இல்லை.

நான் நெடுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அலவி அதற்குள் இரண்டு தட்டச்சுப் பொறிகளின் உறைகளையும் கழற்றிவிட்டான்.

"என்ன?" என்றான்.

காட்டினேன். அவன் வாசித்தான். சிங்களம் அவனுக்கு என்னைவிட நன்றாக வரும். "யா அல்லாஹ்" என்றான். "இது உங்கட வேலையா?"

"ஓம்."

"வேற யாருக்கும் தெரியுமா?"

"இல்லை."

"நீங்க சொன்னீங்கண்டா என்ன நெனைப்பாங்க, தெரியுமா? தமிழ் கிளார்க் நோட்டீஸை மாத்தினான், தமிழ்ப் பொம்புள உள்ள வந்தா. முயல் கதையெல்லாம் யாரு கேப்பாங்க? உங்கட லொட்ஜ் பதிவு, அறையில யாரு இரிக்கிறா, எல்லாம் தோண்டுவாங்க."

அவன் சொன்னதில் பிழையில்லை. வெள்ளிக்கிழமை எழுதிய தாளைக் கோப்பில் சேர்க்கவென்று சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தேன். பயந்தேன் என்பது உண்மை. ஆனால் பயத்துக்குள்ளேயே வேறொன்றும் என்னை அரித்தது. எனக்குத் தெரிந்த சொல்லை என் காது ஏன் தெரியாததாக்கியது? மாதத்துக்கொரு முறை அதே வானொலியில், அதே குரலில், அவசரகாலச் சட்டம் மேலும் ஒரு மாதம் நீடிக்கப்பட்டதாகக் கேட்டுக் கேட்டு அந்த ஓசைக்கு ஒரே பொருள்தான் என்று ஆகிவிட்டிருந்ததா?

பத்து மணிக்கு அபேநாயக்கவின் அறையில் நால்வர் இருந்தோம். அவர் மேசைக்குப் பின்னால். மேஜர் சன்னலோரம். ஆறாயி கதவருகே நின்றார். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. கெண்டைக்கால் வரை சேறு காய்ந்த தடம். நான் இரண்டு மொழிக்கும் நடுவில்.

"யார் சொல்லி வந்தாய் என்று கேள்" என்றார் மேஜர்.

கேட்டேன்.

"ரேடியோவுல சொன்னாங்கய்யா. அவசர ஆளுங்க கட்டாயம் வரணும்னு. நா அவசரந்தானே?" முந்தானை முடிச்சை அவிழ்த்து, பிளாஸ்டிக் உறையிலிட்ட அட்டை ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். வாயிலில் காட்டும் அனுமதி அட்டை. எங்கள் எல்லாரிடமும் இருப்பது. மேலே சிங்களத்தில் அவசர பத்ரய என்று அச்சிட்டிருக்கும். தமிழ்த் தொழிலாளர் எல்லாரும் அதை அவசரப் பத்திரம் என்றே சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கேட்டுல இருந்த பையன் இதைப் பாத்துட்டுத்தான் விட்டான்" என்றார் ஆறாயி. "தெமட்டகொடை வரைக்கும் இடுப்புத் தண்ணி. அப்பறம் ஒரு லொறிக்காரன் ஏத்திக்கிட்டான். வந்து பாத்தா கீழ்க்கூடு எல்லாம் நனைய ஆரம்பிச்சிருச்சி. மொயலு கத்தாதுங்கய்யா. கத்துனாலாச்சும் யாராவது வருவாங்க. காலால தட்டிக்கிட்டு நிக்கும், அவ்வளவுதான்."

மொழிபெயர்த்தேன். கத்தாது என்ற இடத்தில் அபேநாயக்க தலையை நிமிர்த்தினார்.

"விரிவுரை மண்டபச் சாவி எப்படிக் கிடைத்தது?" மேஜர்.

"நெருப்பு வாளிக்குப் பின்னால ஆணியில தொங்குமே. பதினோரு வருசமா நாந்தானே அந்த வாளியைத் தொடைக்கிறேன்." பிறகு, கேட்கப்படாமலே, "அறுவத்திரெண்டு கூடுங்க. ரெண்டு எலிதான் போயிருச்சி. கொஞ்சம் முன்ன வந்திருந்தா அதுவும் போயிருக்காது" என்றார்.

மேஜர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அறிவித்தலில் அனுமதி பெற்ற ஆறு பேர் மட்டும் என்று இருக்கிறது. இவள் பெயர் இல்லை. ரேடியோ கூப்பிட்டது என்று பொய் சொல்கிறாள். இதையும் அவளுக்குச் சொல்."

சொல்லத்தான் வேண்டும். அதுதான் என் வேலை. ஆறாயி என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். சன்னலுக்கு வெளியே யாரோ தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"பூபாலசிங்கம்?" என்றார் அபேநாயக்க.

"பொய் இல்லை, சேர்" என்று சிங்களத்தில் சொன்னேன். "ரேடியோவுக்கு எழுதிக்கொடுத்தது நான். பிழையாக எழுதினேன்." சட்டைப் பையிலிருந்து ஈரச்சுவரின் சுண்ணாம்பு ஒட்டிய அந்தத் தாளை எடுத்துச் சிங்கள மூலத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு சொற்களையும் காட்டினேன்.

அபேநாயக்க கண்ணாடியைக் கழற்றித் தாள்களுக்கு மேல் குனிந்தார். "தமிழில் அவசர என்றால்?"

"ஹதிசி, சேர்."

"ஹதிசி?" அந்தச் சொல்லை வாயில் வைத்துப் பார்ப்பதுபோல மறுபடி சொன்னார். "அப்போ, தமிழ் ஊழியர்களிடம் அவசர தருகிறேன் என்று நான் சொன்னபோதெல்லாம்..."

"விளங்கும் சேர். ஆனால் காதில் அப்படித்தான் விழும்."

"இருபது வருடமாக நான் ஆட்களை அவசரப்படுத்திக்கொண்டிருக்கிறேன்." சிரிக்கப் போனவர் மேஜரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மேஜர் சிரிக்கவில்லை. "வித்தியாசம் தெரிந்திருப்பதுதான் உன் வேலை. தெரிந்த உனக்கு எப்படிப் பிழை வந்தது?" என்றார். நியாயமான கேள்வி. வானொலியைப் பற்றி, மாதந்தோறும் நீடிக்கிற சட்டத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அந்த அறையில் அது பதிலாக இராது என்று பட்டது. "தெரியவில்லை, சேர்" என்றேன்.

அபேநாயக்க படிவத்தைப் புரட்டினார். முன்பக்கம், பின்பக்கம். "இது ஆட்களை வெளியே நிறுத்துவதற்கு எழுதிய படிவம்" என்று தனக்குத்தானே சொன்னார். "யார் உள்ளே வரலாம் என்று இருக்கிறது. யார் வந்தே ஆகவேண்டும் என்று ஒரு வரி இல்லை. நான் ஆறு பேருக்கு அனுமதி கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அந்த ஆறு பேரில் யார் வந்தது?"

உள்ளே வருவோர் கையொப்பமிடும் வாயிற்புத்தகம் மேஜரின் கையில் இருந்தது. நானும் அதைக் காலையில் பார்த்திருந்தேன். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் ஒரே ஒரு கையெழுத்து, தமிழில், எழுத்துக்கூட்டி எழுதியது.

அபேநாயக்க பேனையைத் திறந்து ஆறாவது பெயருக்குக் கீழே ஏழாவது பெயரைச் சிங்களத்தில் எழுதினார். வெள்ளிக்கிழமைத் திகதியிட்டுச் சுருக்கொப்பமிட்டார். "அனுமதி இருந்தது. மேஜர், இது இனிப் பொலிசுக்குப் போகாது."

"யாருடைய பெயரிலாவது ஒரு குறிப்பு கோப்பில் இருக்க வேண்டும்" என்றார் மேஜர்.

இருந்தது. மொழிபெயர்ப்பில் தவறிழைத்ததாக என் கையால் எழுதி, முழுப்பெயரும் லொட்ஜ் முகவரியும் அடையாள அட்டை இலக்கமும் இட்டுக் கையொப்பம் வைத்தேன். மேஜர் அதை இரண்டாக மடித்துத் தன் கோப்பில் வைத்தார், அபேநாயக்கவின் கோப்பில் அல்ல. அந்தத் தாள் இப்போது எங்கே இருக்கும் என்று அதற்குப் பிறகு படையினர் நடத்திய ஒவ்வொரு சுற்றிவளைப்பின்போதும் யோசித்திருக்கிறேன்.

வெளியே தாழ்வாரத்தில் ஆறாயி எனக்காகக் காத்திருந்தார். அறைக்குள் நடந்ததில் கடைசிப் பகுதியை நான் அவருக்கு மொழிபெயர்க்கவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஒண்டும் இல்லை. நீங்கள் வேலைக்குப் போகலாம்" என்றேன்.

"அது தெரிஞ்சிருச்சிங்க. பெரியய்யா மொகத்துல தெரிஞ்சிச்சி." அட்டையை மறுபடி நீட்டினார். "இதுல என்னா போட்டிருக்கு? அவசரம்னு இல்லையா?"

"அனுமதி எண்டு போட்டிருக்கு. உள்ள வர விடலாம் எண்டு."

"அவ்வளவுதானா?" அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதினோரு வருசமா நா அவசரம்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

அவர் அட்டையை உறையிலிட்டு முந்தானையில் முடிந்தார். இரண்டு படி இறங்கியவர் திரும்பினார்.

"அப்ப அடுத்த மழைக்கு நா வரணுமா, வரக்கூடாதா?"

"கேட்டுச் சொல்லுறன்" என்றேன்.

அவர் விலங்குக் கூடத்தின் பக்கம் நடந்தார். கூடுகளை எல்லாம் மறுபடி கீழே இறக்க வேண்டியிருந்தது. இரண்டு மணிக்கு அந்த மண்டபத்தில் விரிவுரை. நான் என் மேசைக்குப் போய்ப் பழைய படிவத்தில் ஒரு பிரதி எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் மழை என்று எழுதினேன். கட்டாயம் வரவேண்டியோர் என்று ஒரு புதிய தலைப்பை இரண்டு மொழியிலும் இட்டு, சிங்களச் சொல்லை அலவியிடம் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். விலங்குக் கூடம், ஒருவர் என்று அதன் கீழ் எழுதி, அபேநாயக்கவின் கையொப்பத்துக்காக அவருடைய தட்டில் வைத்தேன்.

வடகீழ்ப் பருவமழை தொடங்கும் வரை அது கையொப்பமில்லாமல் அந்தத் தட்டிலேயே கிடந்தது.