ராணிக்குக் குரல் கொடுத்தவள்

"முடியாதுடி. இன்னொரு தடவ திரைக்குப் பின்னால வந்து நான்..."

"கத்தாதடி, லயத்து வீடு பூரா கேக்குது. ஒரே ஒரு பாட்டுலா..."

"அன்னைக்கும் ஒரே ஒரு பாட்டுன்னுதான் சொன்ன" என்றாள் ருக்குமணி.

நாளை கோயில் திருவிழா. தேயிலைத் தோட்டத்து மேடையில் முதன்முதலாக நடித்த பெண் என்று நாகரத்தினத்துக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். போர்த்தியதும் அந்தப் பழைய பாட்டைப் பாட வேண்டுமென்று கமிட்டிக்காரப் பெண் பூவிழி காலையில் வந்து சொல்லிவிட்டுப் போனாள். நாகரத்தினத்துக்குப் பாட வராது. அது தெரிந்தவள் ருக்குமணி ஒருத்திதான்.

அப்போதெல்லாம் நாடகத்தில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டினார்கள். மீசையை மழித்துக்கொண்டு சிங்காரம்தான் வருஷா வருஷம் ராணி. ஒரு வருஷம் அவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் இரண்டும் உப்பிவிட்டன. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நாகரத்தினம், நான் கட்டுகிறேன் என்று போய் நின்றாள். உனக்குப் பாட்டு வராதே என்று ருக்குமணி காதைக் கடித்ததற்கு, நீ இருக்கிறாயே என்றாள். ருக்குமணியின் அப்பா கங்காணி. மகள் மேடை ஏறினால் காலை ஒடித்துவிடுவார். ஏறத்தானே கூடாது, பின்னால் நிற்கலாமே என்று இருவரும் முடிவு செய்துகொண்டார்கள்.

ராணி வந்தாள். முதுகில் கூடை இல்லாவிட்டாலும் இருப்பதுபோலவே வளைந்து, மலைச்சரிவில் கால் ஊன்றுவதுபோல ஊன்றி ஊன்றி வந்தாள். கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த சனம் சிரித்தது. இன்றைக்கு எத்தனை ராத்தல் கொழுந்து, ராணியம்மா என்று ஒருவன் கேட்டான். அப்போது பாட்டு எழுந்தது. சிரிப்பு அடங்கியது. முன்வரிசையில் கங்காணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, யார் பெற்ற பிள்ளையோ என்றாராம்.

அப்புறம் ரிங்லெட், கம்போங் ராஜா என்று பக்கத்து ஊர்களுக்கும் நாடகம் போட லோரி ஏறினார்கள். பார்த்தவர்களுக்கு நாகரத்தினம் பாட்டுக்காரி. ருக்குமணி அவளுக்குத் துணைக்கு வரும் தோழி. மேடை ஏறியவள் வேண்டாமென்று மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்தை முறித்தபோதுகூட, பின்னால் இன்னொருத்தி நின்றதை நாகரத்தினம் சொல்லவில்லை. ருக்குமணி கல்யாணமாகிப் போனாள். பாட்டுக்காரிக்குத் தொண்டை கட்டிவிட்டது, நாடகமும் நின்றது என்று தோட்டம் பேசிக்கொண்டது.

"எங்கப்பா போயிட்டாரு, வீட்டுக்காரரும் போயிட்டாரு. இனி யாருக்குடி நான் ஒளியணும்?" என்றாள் ருக்குமணி. "பொன்னாடைய நீயே போட்டுக்க. பாட்டு என்னுது."

நாகரத்தினம் எழுந்து போய் வாசலில் நின்றாள். வெளியே மலைமேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. இந்த வயதிலும் தெருவில் யாராவது பாட்டுக்காரம்மா என்றால் திரும்பிப் பார்க்கிறவள் அவள். அந்தப் பேர் ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சியது.

"சரிலா. பாடுனது நானில்லன்னு மைக்ல நானே சொல்லிடறேன். சொல்றப்ப என் கையப் புடிச்சுக்கிட்டு நிப்பியாடி, ருக்கு?"