அடுப்பு பார்க்க வந்தவர்

சின்னத்தாய் மூன்று நாளாக பனியன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, திருப்பூர் மண்ணரையில் லைன் வீட்டு வாசலிலேயே கிடந்தாள். புது ரேஷன் கார்டு கேட்டு எழுதிப் போட்டிருந்தாள்; விசாரணைக்கு ஆபீசர் வருவார். என்றைக்கு என்று மட்டும் சொல்ல மாட்டார். போன தடவை அவர் வந்தபோது புருஷனும் பெண்டாட்டியும் ஷிப்டில் இருந்தார்கள். 'வீடு பூட்டியுள்ளது' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். திருப்பூரில் பகலில் பூட்டாத வீடு எது என்று அவரை யார் கேட்பது?

சங்கரன்கோவில் பக்கத்துச் சொந்த ஊர்க் கார்டில் பேரை வெட்டியாயிற்று. அங்கேயும் அரிசி கிடையாது, இங்கேயும் கிடையாது. இரண்டு வருஷமாகக் கடை அரிசிதான். இந்தத் தடவையும் தவறினால் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும்.

வீடு என்பது ஒரே அறை. மூலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ், கரி பிடித்த சட்டி பானை. அரசாங்க உத்தியோகஸ்தர் கால் வைக்கிற இடத்தில் இந்த அலங்கோலமா என்று அவளுக்கு வெட்கம். தெருமுனைக்கு அவர் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், அத்தனையையும் அள்ளிப் பக்கத்து அறை ராமாயியிடம் கொடுத்தாள். தரையைத் துடைத்து, ராமாயியின் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். சும்மா இருந்திருக்கலாம், பாவி மகள்.

ஆபீசர் மாதவன் மரியாதைக்காரர். உட்காரச் சொல்லியும் உட்காராமல் நான்கு மூலையையும் பார்த்தார்.

"அடுப்பு எங்கீங்கம்மா? தனியா சமைச்சாத்தானுங்க தனிக் கார்டு."

"நீங்க வாரீகன்னு பக்கத்து வீட்ல எடுத்து வச்சேன் சார்."

ஓடிப்போய்த் தூக்கி வந்தாள். ராமாயியும் பின்னாலேயே வந்தாள். "இது இவ அடுப்புத்தானுங்க சார். நானே சொல்றனுங்க."

"முந்தின வீதிலயும் இப்படித்தானுங்க. ஒரே அடுப்பை மூணு ஊட்ல காட்டுனாங்க. நான் வாரப்ப இருக்கறதத்தான் எழுத முடியுங்க."

"பெறகு நாங்க எதுல சார் பொங்கித் திங்கோம்?" என்றாள் சின்னத்தாய்.

அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "ஆறு மாசம் கழிச்சு மறுக்கா எழுதிப் போடுங்கம்மா" என்று சொல்லி, எழுதி முடித்த விசாரணைப் பாரத்தையும் பேனாவையும் கையெழுத்துக்கு நீட்டினார். சின்னத்தாய் ஸ்டவ்வைக் கீழே வைத்தாள். கரிக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எட்டாவது படித்தவள், எழுத்துக் கூட்டாமலே வாசிப்பாள். 'தனிச் சமையல் இல்லை' என்று எழுதியிருந்தது. விரல் காட்டிய இடத்தில் தன் பேரை எழுதிக் கொடுத்தாள்.