எசென்கெல்டியின் முப்பத்தொரு வரிகள்

கோச்கோர் என்ற கிர்கிஸ் ஊரின் பக்கத்து வாய்க்கால் மதகு ஒருநாள் பட்டப்பகலில் தானாகவே முழுசாகத் திறந்துகொண்டது. இரண்டு பெண்குதிரைகளும் ஒரு குடும்பத்தின் உருளைக்கிழங்கு வயலும் தண்ணீரோடு போயின. அந்த மதகை இயக்கும் சின்னக் கணினி, தலைநகர் பிஷ்கேக்கில் எசென்கெல்டி வேலை பார்க்கும் நிறுவனத்தில் செய்தது. அதற்குள் மற்ற நிரல்களையெல்லாம் நடத்தும் அடிப்படை நிரலான கெர்னலில் அவர் எழுதியவை முப்பத்தொரு வரிகள். அறுபத்தாறு வயதிலும் அவர் உள்ளே நுழைந்தால் அலுவலகமே எழுந்து நிற்பது அந்த வரிகளுக்காகத்தான்.

பிராசஸர் ஒன்று. அதில் முறை வைத்து வேலை செய்யும் திரெட்டுகள் பல. ஒன்றை எழுப்பிவிட்டு இன்னொன்றை உட்கார வைக்கும்போது, எழுந்தது எந்த வரியில் நின்றது, பிராசஸருக்குள் எண்களை வைக்கும் சின்ன அறைகளான ரெஜிஸ்டர்களில் என்னென்ன எண்களை வைத்திருந்தது என்பதையெல்லாம் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் எழுதிவைக்க வேண்டும். மறுபடி அதன் முறை வரும்போது எதுவும் மாறாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். நடுவில் தன்னை எழுப்பிவிட்டதே அதற்குத் தெரியக் கூடாது. இதைத்தான் அவருடைய முப்பத்தொரு வரிகள் செய்தன. தன்னிடம் ஒப்படைத்ததை ஒரு பொட்டுக்கூடக் குறையாமல் திருப்பித் தருகிறவன் என்று அவருக்குத் தன்னைப் பற்றி ஒரு நினைப்பு உண்டு. அது வீட்டிலும் வெளியிலும் அவர் முதுகை நிமிர்த்தி வைத்திருந்தது.

விசாரணை நாளன்று காலையில் மருமகள் பெரிசாத் தேநீர்க் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். அவளும் அதே அலுவலகம்தான். மதகு எவ்வளவு திறக்க வேண்டும் என்று கணக்கிடும் நிரல் அவளுடையது. தப்பான அளவு அதிலிருந்து வந்ததால் எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, கணக்கு சரியாத்தான் இருக்கு. பாதிக் கணக்குல என் திரெட்டை எழுப்பிவிட்டுட்டு வேற ஒண்ணு உள்ள வருது. திரும்பி வர்றப்ப ரெஜிஸ்டர்ல என் எண்ணு இல்ல. குப்பை இருக்கு."

"யாரு போட்ட குப்பை?"

"செய்தி அனுப்புற திரெட்டு. அது பின்ன எண் பக்கமே போகாதுன்னு நெனச்சு, அது உள்ள வரும்போது பின்ன எண் வைக்கிற ரெஜிஸ்டர்களை மட்டும் எடுத்து வைக்காம விட்டிருக்கு. பழைய கம்பைலருக்கு அது சரி. புதுசு, சும்மா நகலெடுக்கவே அந்த ரெஜிஸ்டர்களைத்தான் எடுக்குது."

எடுத்து வைக்காமல் விட்டது அவர். அந்தக் காலத்துப் பிராசஸர் மாட்டுவண்டி வேகம். அத்தனையையும் எழுதிவைக்க அதற்குத் தெம்பில்லை. அன்று அது கெட்டிக்காரத்தனம். நான்கு வருஷத்துக்கு முன்பு, நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலரை மாற்றியபோது, "ரெஜிஸ்டர் சேமிப்பை மறுபடி பார்க்க வேண்டுமா?" என்று எழுத்தில் கேட்டார்கள். அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"என் வீட்டு மேஜையில நின்னுக்கிட்டு என் வேலையில சொட்டை சொல்றியா?" என்றார்.

"மேஜையில சொன்னா மேஜையோட போகும்னுதான் இங்க சொல்றேன், மாமா. அங்க நீங்களே சொல்லிட்டீங்கன்னா மரியாதையா முடிஞ்சிடும்."

அவர் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

கூட்டம் தலைவர் மேலிஸின் அறையில் நடந்தது. நீர்த்துறையிலிருந்து லுத்மிலா என்ற ரஷ்ய அதிகாரி வந்திருந்தாள். பெரிசாத் தான் கண்டதைச் சுருக்கமாகச் சொன்னாள். லுத்மிலா பேனாவை எடுத்தாள்.

"அப்போ உன் நிரல்ல தப்பில்ல. சேமிக்கிற இடத்துல தப்பு. அதை எழுதினது யாரு?"

பெரிசாத் வாயைத் திறக்கவில்லை. கிர்கிஸ் வழக்கத்தில் கணவன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் சொல்வதில்லை. பதினோரு வருஷத்தில் அவள் வாயில் அந்தப் பெயர் வந்ததேயில்லை. 'எசென்' என்றால் நலம். அந்தச் சொல் கலந்துவிடும் என்று யாரையும் நலமா என்றுகூடக் கேட்காமல், "எப்படி இருக்கீங்க" என்று சுற்றிப்போகிறவள். ஊரார் அதைப் புகழும்போது எசென்கெல்டி கேட்காதவர்போல இருந்து முழுசாகக் கேட்டுக்கொள்வார்.

மேலிஸுக்கும் இது தெரியும். அவனும் கிர்கிஸ் இனத்தவன். அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"அம்மா கேக்கறாங்கல்ல? பேரைச் சொல்லும்மா."

"எங்க பெரியவர்..."

"இந்த ஊர்ல பெரியவருக்கா பஞ்சம்? நரைச்சவன் எல்லாம் பெரியவர்தான். பேரில்லாத குத்தத்தை எப்படிம்மா எழுதுறது?"

யாரோ சிரித்தார்கள். பெரிசாத்தின் கழுத்து சிவந்தது. அவள் மேலிஸைப் பார்க்கவில்லை.

"அவர் இந்த ரூம்லதான் இருக்கார். அவரே சொல்லுவார்."

எசென்கெல்டி ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எதிர் வரிசையில் அவரிடம் வேலை கற்ற ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் சுட்டிக்காட்டி மாமனார் எழுந்து நின்றார் என்று நாளைக்கு இந்த நகரம் பேசும். மரபை மீறாமல் நின்றது அவள், அதற்குள் ஒளிந்துகொண்டது தான் என்று அவருக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் சொல்லக் காணோமே," என்றான் மேலிஸ்.

எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் மாற்றப் பதிவைத் திறக்கச் சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை. லுத்மிலாவுக்கு இரண்டு மணிக்கு வேறொரு கூட்டம் இருந்தது. அளவுக் கணக்கில் பிழை என்று எழுதிக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமைக்குள் பெரிசாத்தை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் எதையும் குறைக்கவில்லை. ரொட்டி சூடாக வந்தது. மேல்கோட்டு துடைத்து மாட்டியிருந்தது. பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. சியோலில் வேலை பார்க்கும் மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். வழக்கமாக அப்பாவிடம் முதலில் பேசுகிறவன், அன்று அவளிடம் மட்டும் பேசிவிட்டு வைத்தான்.

திங்கட்கிழமை எசென்கெல்டி இரண்டு திரெட்டுகளை எழுதி, ஒன்றைக் கணக்குப் போடவும் ஒன்றை நகலெடுக்கவும் விட்டு, மாற்றி மாற்றி உட்கார வைத்துப் பார்த்தார். நாலாயிரம் முறை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த முறை கொடுத்த எண் வேறு யாருடையதோ. அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விட்டுப்போன ரெஜிஸ்டர்களையும் சேமிக்கும் நான்கு வரிகளை எழுதினார். பெயரில்லாமல் எந்த மாற்றமும் உள்ளே போகாது. தன் பெயரைப் போட்டு, 'பிழை என்னுடையது' என்று ஒரு வரியும் சேர்த்து மேலிஸிடம் கொண்டுபோனார்.

மேலிஸ் படித்தான். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"பைகே," என்றான், மூத்த அண்ணனைக் கூப்பிடும் மரியாதையோடு. "எனக்கு மொதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா அந்தப் பொண்ணை நிக்க வச்ச?"

"நான் நிக்க வச்சேன், சரி. நீங்க உட்காந்திருந்தீங்களே?"

மேலிஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கெர்னல்ல தப்புன்னா எழுபது மதகுலயும் இருக்கிற நம்ம கணினியைக் கழட்டிக் கொண்டாரணும். கம்பெனியை மூட வேண்டியதுதான். உங்க நாலு வரியை அடுத்த பதிப்புல சத்தமில்லாம சேர்த்துக்கறேன். ஆனா இந்த வாக்கியம் வேணாம்." அந்த ஒரு வரியை அழித்தான். "மருமக பேரு போயிடுச்சு. உங்க பேராவது மிஞ்சட்டும், பைகே."

விருந்தாளிக்குச் சொல்வதுபோல் இதமாகத்தான் சொன்னான். எசென்கெல்டி தலையாட்டினார். அறையை விட்டு வெளியே வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் யாரையும் பார்க்காமல் வாசலுக்கு நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன. பெரிசாத்தின் பிறந்த ஊரான தலாஸிலிருந்து அவள் அண்ணன் வண்டியோடு வந்து வாசலில் நின்றான். பேத்தி ஏற்கெனவே வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"பெரிசாத், நில்லும்மா," என்றார். "சொல்லிட்டேன். தப்பு என்னோடதுன்னு என் கையால எழுதிக் கொடுத்துட்டேன்."

அவள் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். பல நாளைக்குப் பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"யார்கிட்ட, மாமா?"

"மேலிஸ்கிட்ட."

"கதவைத் தொறந்து வச்சுட்டா, சாத்திட்டா?"

அவர் பார்வை வாசல் கதவுக்குப் போயிற்று. அவள் அதைக் கண்டாள். பிறகு குனிந்து வணங்கிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள்.